சிவப்புக் கோடு போட்ட பக்கம்

விடைத்தாள் திருத்தி முடித்ததும் வெற்றுப் பக்கங்களின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பேப்பரைத் திருப்பிக் கொடுத்த பிறகு பையன் அந்த இடத்தில் ஒரு விடையை எழுதிக்கொண்டு, "சார், இதுக்கு மார்க் போடலை" என்று வந்து நிற்கக் கூடாது, அதற்காகத்தான் கோடு. நம் தொழிலில் நான் முழுமையாகத் தேர்ச்சி பெற்ற கலை அது ஒன்றுதான். இருபத்தொன்பது வருஷத்தில் நான் வேதியியல் நடத்தியது குறைவு, கோடு போட்டது அதிகம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் என் அனுபவங்களை எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் ஊக்கமூட்டுற மாதிரி இருக்கட்டும் சார்" என்றார் உங்கள் தலைமையாசிரியர். ஊக்கம் என்னிடம் இருந்திருந்தால் ஐம்பத்து நாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன். என்னிடம் மிச்சம் இருப்பது எரிச்சல். அதில் பெரும்பங்கு என்மேலேயே. ஆகவே நான் போட்ட ஒரு கோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது வெற்றுப் பக்கத்தில் போட்ட கோடு அல்ல.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரேங்க் பெஞ்ச் என் கண்டுபிடிப்பு.

ஒரு ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருப்புதல் தேர்வு ரேங்க்படி உட்கார வைத்தால் போட்டி மனப்பான்மை வளரும் என்று நான் சொன்னேன். முதல் ஆறு பேர் மின்விசிறிக்கு நேர் கீழே. கடைசி ஆறு பேர் மேற்கு ஜன்னல் ஓரம். மதியத்துக்குமேல் அந்த ஜன்னலில் என்ன வரும் என்று பாளையங்கோட்டை வெயில் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு கண்ணாடிப் பலகை. அதில் ரேங்க் லிஸ்ட். கடைசிப் பத்துப் பெயர்கள் சிவப்பில். காலை வழிபாடு முடிவதற்குள் அதன் படம் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்குப் போய்விடும். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பெற்றோர் கூட்டத்தில், "இதுதான் சார் பள்ளிக்கூடம்" என்று ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் ரேங்க் எடுத்த பெண்ணின் தகப்பனார். நாற்பத்தாறாவது பிள்ளையின் தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கூட்டத்துக்கே வரவில்லை. வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

எனக்கு நிறையப் படிக்கிறவன் என்று ஒரு பெயர் உண்டு. பாதியை நானே பரப்பினேன். எங்கோ பனிப்பிரதேசத்தில் ஓர் ஏழை குமாஸ்தா அவமானப்பட்டதை நாவலில் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தவன் நான். என் வகுப்பின் மேற்கு ஜன்னலை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த ஜன்னல் ஓரத்துக்கு ஒருவன் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தான். கதிரேசன் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேறு. விக்கிரமசிங்கபுரம் பையன். அப்பாவுக்கு மில் வேலை, அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறவர். பத்தாம் வகுப்பில் அவன் படித்த பள்ளியில் முதலாவது. டாக்டராக வேண்டும் என்று எங்கள் விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கே முதல் திருப்புதல் தேர்வில் பதினெட்டு. அடுத்தது இருபத்தொன்பது. அதற்கடுத்தது நாற்பத்தொன்று.

ஒவ்வொரு லிஸ்டுக்குப் பிறகும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவார்கள். அதற்கு அவர்களே ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். வகுப்பு பஸ் ஆகிவிடும். பின்னால் போகிறவனைப் பார்த்து, "எறங்குலே, ஸ்டாப் வந்துட்டு" என்பார்கள். கண்டக்டர் மாதிரி விசில் அடிப்பார்கள். கதிரேசன் நாற்பத்தொன்றுக்கு இறங்கிய அன்று வகுப்பு முழுக்க விசில். நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடி, "ரைட், போலாம்" என்றேன். நகைச்சுவை உணர்வு உள்ள ஆசிரியர் என்றும் எனக்கு ஒரு பெயர் உண்டு.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

நாலாவது திருப்புதல் தேர்வு. வேதியியல் பேப்பர் மூன்று பிரிவுக்கும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு. புதன்கிழமை சாயங்காலம் டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்க, மடியில் பேப்பர்க் கட்டை வைத்துத் திருத்தினேன். கதிரேசனின் பேப்பரில் கடைசியாகக் கட்டிய கூடுதல் தாளில் ஆறேழு வரி இருந்தது. சமன்பாடு இல்லை, படம் இல்லை, அடிக்கோடு இட்ட விடை இல்லை. நம் கண்ணுக்குத்தான் பழக்கம் இருக்கிறதே. குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் "வினாவுக்குத் தொடர்பில்லை" என்று எழுதினேன். அதற்கு ஒரு சுழியமும் போட்டேன். அடுத்த பேப்பர்.

வெள்ளிக்கிழமை காலை, விடுதிப் பையன்கள் இருவர் விடுப்புக் கடிதம் கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமைக்கு விடுப்பு. காரணம்: வயிற்று வலி. மூன்று நாள் கழித்து வரப்போகும் வயிற்று வலியை இன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கடிதத்திலும், "வருமுன் உணர்ந்த மருத்துவருக்கு வாழ்த்துகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தோம்.

திங்கட்கிழமைதான் லிஸ்ட் ஒட்டும் நாள். அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் லிஸ்டுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று இன்னொரு ஜோக் அடித்திருப்பேன்.

லிஸ்டுக்கு முன் கூட்டல் சரிபார்ப்பது வழக்கம். ஒருவர் திருத்திய கட்டை இன்னொருவர் கூட்டிப் பார்க்க வேண்டும். யாரும் விரும்பாத வேலை என்பதால், யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாத உடற்கல்வி ஆசிரியை தலையில் கட்டினோம். திசையன்விளைக்காரர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்; வயது இருபத்தாறு இருக்கும். பி.டி. டீச்சர் என்று கூப்பிடுவோம். என் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே முக்கியமான பாடத்தை எனக்கு நடத்தியவர் அவர்தான். அன்று மதியம் கையில் பேப்பரோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்தப் பக்கத்துக்கு ஜீரோ போட்டிருக்கிய."

"ஆமா டீச்சர். கேள்விக்குச் சம்பந்தமில்லாம என்னத்தையோ எழுதியிருக்கான்."

"வாசிச்சியளா சார்?"

"வாசிக்காமலா கோடு போடுவேன்?"

அவர் பேப்பரை என் முன்னால் வைத்தார். நான் வாசித்தேன். இப்போதும் எனக்கு மனப்பாடம்.

"திங்கக்கிழமை லிஸ்ட் ஒட்டும்போது போர்டுகிட்ட யாரும் நிக்க வேண்டாம். நின்னா நான் பொறுப்பில்லை. அதுக்குப் பொறவு நானும் இருக்க மாட்டேன். விசில் அடிச்ச எல்லாரும் தெரிஞ்சிக்கிடட்டும். சார் இதை வாசிப்பாரான்னு பாக்கேன்."

அதன்மேல் என் கோடு. அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தது.

"உங்களுக்கு எப்படி டீச்சர் இது கண்ணுல பட்டுது?" என்றேன்.

"எனக்கு கெமிஸ்ட்ரி தெரியாதுல்லா சார். எது விடை, எது விடை இல்லைன்னு தெரியல. அதான் எல்லாத்தையும் வாசிச்சேன்."

பிறகு அவரே தயங்கிச் சொன்னார்: "நானும் ஒண்ண விட்டுட்டேன் சார். போன வாரம் இவன் தன்னோட ஷூவ ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டான். புது ஷூ. ஏம்லேன்னு கேட்டேன். 'இனி எனக்கு எதுக்கு டீச்சர்'ன்னான். பரீட்ச வருது, விளையாட வர மாட்டான், அதச் சொல்லுதான்னு நெனச்சிட்டேன்."

அந்த இரண்டு வயிற்று வலிகளும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

அப்போதைய தலைமையாசிரியர் அறைக்கு ஓடினோம். அவரும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அறைக் கதவு சாத்தியிருந்தால் 'வே' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். நல்ல மனிதர். நெருக்கடி என்று வந்தால் உடனே ஒரு கமிட்டி போடும் நல்ல மனிதர். ஐந்து நிமிஷத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பத்தாவது நிமிஷத்தில் பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய சுற்றறிக்கை தமிழில் இருக்க வேண்டுமா ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் மிகைப்படுத்தவில்லை. பயந்துபோன ஏழு ஆசிரியர்களை ஓர் அறையில் அடைத்தால் எது எளிதில் முடியுமோ அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கணக்கு வாத்தியார், "சினிமா பாத்துட்டு எழுதியிருப்பான் சார். கூப்பிட்டு நாலு அப்பு அப்புனா சரியாப் போயிரும்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம். டி.சி. எழுதிருவோம். இன்னைக்கே குடுத்து அனுப்பிருவோம். நம்ம பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்லா" என்றார் தலைமையாசிரியர்.

அறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பி.டி. டீச்சர் கேட்டார்: "டி.சி.ய வாங்கிட்டு அவன் எங்க சார் போவான்?"

"வீட்டுக்குப் போவான்."

"திங்கக்கிழமை காலைல பஸ் ஏறி இங்கன வர எவ்வளவு நேரம் ஆவும்?"

டீச்சர் விடவில்லை.

"நம்ம பிள்ளைன்னு இருக்கையில கோவம் இருந்தா எங்கன இருக்கான், என்ன செய்யுதான்னு தெரியும் சார். டி.சி. குடுத்தா கோவம் அப்படியே இருக்கும். ஆளு எங்கன இருக்கான்னு மட்டும் நமக்குத் தெரியாது. அவனும் நம்ம பிள்ளதான சார்?"

விடுதிக்குப் போன் செய்தோம். கதிரேசன் இரண்டு மணி பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு மில்லுக்குப் போய், வாசல் அறைப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது.

"போலீசுக்குச் சொல்லணுமா வே?" என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நான் பி.டி. டீச்சரைப் பார்த்தேன். இருபத்துச் சொச்சம் வருஷ அனுபவம் மூன்று மாத அனுபவத்தைப் பார்த்தது.

"நாங்க ரெண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போறோம் சார். நீங்க மில் வாசலுக்குப் போன் போட்டு அவங்கப்பாவ எப்படியாவது வீட்டுக்கு அனுப்புங்க. திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம், பக்கத்துல இருங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஆறு மணிக்குள்ள நான் போன் பண்ணலைன்னாலோ, அவன் வீட்டுல இல்லைன்னாலோ உடனே போலீசுக்குச் சொல்லிருங்க."

கமிட்டி அத்துடன் கலைந்தது. அவர் சொன்னதில் தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு இடமே இல்லை.

என் ஸ்கூட்டர் நாற்பதுக்கு மேல் போகாது. நான் முப்பதுக்கு மேல் போகமாட்டேன். டீச்சர் தன் பைக்கை எடுத்தார். உதவித் தலைமையாசிரியராகிய நான் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சேரன்மகாதேவி தாண்டுகிற வரைக்கும் என் முன்னாள் மாணவர்கள் மூன்று பேர் எங்களைப் பார்த்தார்கள். மூன்று பேரும் வணக்கம் வைத்தார்கள். ஒரு கையை எடுத்துப் பதில் வணக்கம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வழி முழுக்க வயல், வாய்க்கால், வாழை. நான் எதையும் பார்க்கவில்லை. அவனிடம் பேச வேண்டியதை மனதில் தயார் செய்துகொண்டிருந்தேன். வாழ்க்கை, தோல்வி, விடாமுயற்சி, மூன்று மேற்கோள். அதில் ஒன்று கிரேக்கம்.

ஐந்து மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா பதறி எழுந்தார். "வாங்க சார், வாங்க டீச்சர்! உள்ளதான் இருக்கான். வந்ததுலேருந்து ஒண்ணும் பேச மாட்டேங்கான். என்னமும் செஞ்சிட்டானா?"

"ஒண்ணும் செய்யலம்மா. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் டீச்சர்.

கதிரேசன் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பள்ளிக்கூடப் பை. எழுந்திருக்கவில்லை. நான் தொண்டையைச் செருமினேன்.

"கதிரேசா, வாழ்க்கைங்கிறது..."

டீச்சர் என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

அவன் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டான். "சார், வாசிச்சியளா?"

நூறு தடவை யோசித்திருக்கிறேன், அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. சொல்ல வாய் திறந்தும் விட்டேன். மத்தியானம் டீச்சரிடம் சொன்ன பொய் இன்னும் சூடு ஆறவில்லை. அதையே இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

"இல்லலே," என்றேன். "வாசிக்கல. கோடு போட்டுட்டேன். ஜீரோவும் போட்டேன். டீச்சர்தான் வாசிச்சாங்க. அவங்க காட்டின பொறவுதான் வாசிச்சேன். அன்னைக்கு ரைட் சொன்னதும் நான்தான்."

"தெரியும் சார். வாசிச்சிருந்தா நேத்தே கூப்பிட்டு அடிச்சிருப்பிய." பிறகு, "ரெண்டு நாளா கூப்பிடுவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றான்.

அடிப்பதற்காகவாவது கூப்பிடமாட்டாரா என்று இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு மேற்கு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறான். நான் அந்த இரண்டு நாளும் அதே வகுப்பில் பாடம் நடத்தினேன்.

டீச்சர் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். "கதிரேசா, நேராவே கேக்கேன். சாகணும்னு நெனைக்கியா?"

எனக்குப் பதறியது. இப்படியா கேட்பார்கள்? இல்லாத எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுப்பது போல ஆகாதா? நாம் கேட்பதால் அந்த எண்ணம் வராது என்று பின்னால் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்திருக்கும் எண்ணத்தோடு அவன் தனியாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் கேட்பதன் பொருளாம். அன்று அவன் முகத்தில் பார்த்ததும் அதுதான். யாரோ பாரத்தை ஒரு கை பிடித்த மாதிரி இருந்தது.

"ஆமா டீச்சர்."

"யாரையும் கொல்லணும்னு?"

"தெரியல டீச்சர். எல்லாரும் ஓடணும். ஒரு தடவயாவது சிரிக்காம ஓடணும். அதுக்குப் பொறவு என்ன ஆனாலும் சரின்னு இருந்துது."

"அதுக்கு என்னமும் எடுத்து வெச்சிருக்கியா?"

அவன் பையைப் பார்த்தான். பிறகு காலால் அதை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

பையில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. என்ன என்று எழுதப்போவதில்லை. எழுதினால் இதைப் படித்து முடித்தபின் அதைப் பற்றி மட்டும்தான் பேசுவீர்கள்.

அதற்குள் அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்தியும் சாத்தாமலும் போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டை முழுக்கப் பஞ்சு. தலைமையாசிரியர் மில் வாசலுக்குப் பதினேழு தடவை போன் செய்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. அன்றோடு அவர் போட்ட எல்லாக் கமிட்டிகளையும் நான் மன்னித்துவிட்டேன். பையைப் பார்த்ததும் அப்பா கையை ஓங்கினார்.

"அண்ணாச்சி," என்று டீச்சர் குறுக்கே வந்தார், "இன்னைக்கு அடிச்சிட்டா, இனி அவன் நம்ம யார்கிட்டயும் சொல்ல மாட்டான். இப்ப சொல்லியிருக்கான். அத மட்டும் பாருங்க."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நாப்பத்தொண்ணுன்னு எனக்குத் தெரியும் சார். குரூப்புல செவப்பா வரும்லா. மில்லுல கூட வேலை செய்யுதவனும் அதே குரூப்புலதான் இருக்கான். நான் இவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல சார். கேட்டா வருத்தப்படுவான்னு கேக்கல."

"நீங்க கேக்கவே இல்லப்பா. அதான்" என்றான் கதிரேசன்.

அம்மா எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார். என் கிரேக்க மேற்கோளை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. ஐந்தே முக்காலுக்கு டீச்சர் அந்தப் பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தலைமையாசிரியருக்குப் போன் செய்தார்.

அன்று அப்பாவும் அம்மாவும் அவனைத் தனியே விடவில்லை. மறுநாள் காலை அப்பா லீவு போட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவந்தார், டீச்சரும் போனார். அதன்பின் நடந்தது டாக்டரின் வேலை, அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பொறுமையாக நாலு வார்த்தை பேசி நாமே குணப்படுத்திவிடலாம் என்று உங்களில் யாராவது நினைத்தால், தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்தக் கதவு வரைக்கும் கூடப் போவதுதான் நம் வேலை. அதையே நாம் செய்வதில்லை.

அதே சனிக்கிழமை மதியம் ஆசிரியர் கூட்டம். லிஸ்டை ஒட்டுவதா வேண்டாமா?

"ஒட்டலைன்னா நாம பயந்துட்டோம்னு நெனப்பாங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

"பயந்துதாம்வே போயிருக்கோம்" என்றேன்.

பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. கண்டுபிடித்தவன் என்ற மரியாதைக்காகச் சாவி என்னிடம் இருந்தது. தர மறுத்தேன். என் பணிக்காலத்தின் ஒரே புரட்சி அது. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வெறும் பலகையின் முன்னால் கூடி நின்று, கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நம் வேலையில் வெற்றி என்பது இப்படித்தான் இருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது, சால்வை போர்த்தவும் யாரும் வரமாட்டார்கள்.

வயிற்று வலிக்காரர்கள் இருவரையும் மறுநாள் கூப்பிட்டேன். "உங்களுக்குத் தெரியுமாலே?"

"தெரியும் சார். நீங்க ரெண்டு பேரும் வராதீங்கலேன்னான்."

"பொறவு ஏம்லே எங்கள்ட்ட சொல்லல?"

"சொன்னா டி.சி. குடுத்துருவிய சார். அவன் பாவம்லா."

நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளைகளுக்கு எப்போதும் நமக்கு முன்னால் தெரிகிறது. சொன்னால் சிநேகிதன் நாசமாய்ப் போவான் என்றும் தெரிகிறது. அதனால் வயிற்று வலி என்று கடிதம் கொடுக்கிறார்கள். வாசலில் நின்று பைகளைச் சோதிப்பதைவிட அந்தக் கடிதத்தை ஒழுங்காக வாசிப்பது சுலபம். நான் அதில் ஜோக் எழுதிக் கையெழுத்துப் போட்டவன்.

பிறகு பள்ளி விழித்துக்கொண்டது. பதினாலு பேர் கொண்ட மாணவர் மனநலக் குழு. பதினாலு பேரின் படமும் போட்ட ஃபிளெக்ஸ். 'மன அழுத்தமும் மாணவர்களும்' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. மன அழுத்தத்தில் யார் முதல் ரேங்க் என்று அறிவிக்க என்னையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். அறிவிக்கவும் செய்தேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ரேங்க் பெஞ்ச் மட்டும் போனது. அந்தப் பலகை இப்போதும் வாசலில் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். காணாமல் போன பொருள்களின் பட்டியல் ஒட்டுகிறார்கள். போன முறை வந்தபோது ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு இடது கால் செருப்பு.

கதிரேசன் சில வாரம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு திரும்பி வந்தான். அவன் உட்கார விரும்பிய இடத்தில் உட்கார்ந்தான். விசித்திரம், அதே ஜன்னல் ஓரம்தான். நாங்கள் ஒரு திரை வாங்கிப் போட்டோம். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பது டீச்சரின் நிபந்தனை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஷூவைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டான். டீச்சர் எங்கிருந்தோ வேறு ஒரு ஜோடி கொண்டுவந்தார். இப்போது கதிரேசன் என்ன செய்கிறான் என்று சொல்லமாட்டேன். சொன்னால் வெற்றிக் கதை ஆக்கிவிடுவீர்கள். டாக்டர் ஆகவில்லை. இருக்கிறான். போன பொங்கலுக்குப் போன் செய்தான்.

கடைசியாக ஒன்று. அந்த வருஷத்தின் கடைசித் திருப்புதல் தேர்வில் கதிரேசனின் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: "சார், வாசிக்கியளா?" கோடு போடவில்லை. கீழே, "வாசிக்கேன்லே" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

அங்கேதான் வினை பிடித்தது. அவன் அதை வகுப்பில் காட்டியிருக்கிறான். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கும் செய்தி போய்விட்டது. முதல் தேர்விலேயே நாற்பத்தாறு பேப்பரில் நாற்பத்தாறிலும் கடைசிப் பக்கத்தில் எழுத்து இருந்தது. விடுதிச் சாம்பாரில் பருப்பு இல்லை. சாம்பாரில் பருப்பைத் தவிர எல்லாம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பாரைச் சனிக்கிழமை ரசம் என்கிறார்கள். ஒருத்தி சாம்பாரைப் பற்றி வெண்பா எழுதியிருந்தாள், தளை தட்டியது. திருத்துகிற நேரம் மூன்று மடங்காயிற்று. கிரிக்கெட் பார்க்க முடியவில்லை. டி.வி.யை அணைத்துவிட்டு, இந்த வழக்கத்தை ஆரம்பித்தவனைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு சாம்பாராக வாசித்தேன். நாற்பத்தைந்து சாம்பார்.

ஒன்றில் சாம்பார் இல்லை.

இரண்டே வரி. ஓரத்தில், பொடி எழுத்தில். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்கு முன் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு, டீச்சரைத் தேடி மைதானத்துக்குப் போனேன்.